மழை ஊரில் ஈயம் உருக்க ஒரு மேடை: முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறையில் ஒரு ராத்திரி தூண்டில் போட்டால், ஐந்தாறு ஈயக்குண்டுகளையாவது கடலுக்குக் காணிக்கை வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும். நீரோட்டம் இழுக்கிறதே என்று கனமான குண்டாகக் கட்டுவோம். அது பாறை இடுக்கில் போய் உட்காரும். தங்கூசி அறும். அடுத்த குண்டு. இந்தக் கணக்கு கட்டுப்படியாகாமல்தான் நானும் என் மாமாவும் பழைய ஈயத்தைச் சேர்த்து, உருக்கி, பாளமாக வார்த்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தோம். பாளம் கையில் இருந்தால் வேண்டியபோது வேண்டிய எடையில் குண்டு வார்த்துக்கொள்ளலாம்.

இணையத்தில் இதற்கான குறிப்புகள் பெரும்பாலும் குளிரும் வறட்சியும் உள்ள நாட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்கள் அடுப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நம் ஊரில் அடுப்பு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை தண்ணீர். மழை, காற்றின் ஈரம், நெற்றி வியர்வை, பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஈரம், கழுவிவிடும் தண்ணீர். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்தால், அங்கே இதைச் செய்யாதீர்கள். சமையலறையிலும் வேண்டாம், துணி காயப்போடும் இடத்திலும் வேண்டாம், பொது நடைபாதையில் அறவே வேண்டாம். நான் ஈசூனில் அடுக்குமாடி வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் மேடை இருப்பது சிலேத்தார் பக்கம் மாமாவின் தரைவீட்டுக் கார் நிறுத்துமிடத்தில். அப்படி ஒரு இடம் உங்களுக்குக் கிடைக்காவிட்டால், சேர்த்த ஈயத்தைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு, அந்தக் காசில் குண்டு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். வாடகைத் தரைவீடு என்றால் உரிமையாளரிடமும் பக்கத்து வீட்டிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். திறந்தவெளியில் குப்பையோ விறகோ எரிப்பதற்கு இங்கே தடை உண்டு, ஆகவே விறகடுப்பு யோசனையை விட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தேசிய சுற்றுப்புற வாரியத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

எந்த ஈயம்?

தமிழில் ஈயம் என்றால் இரண்டு உண்டு. பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். 232 டிகிரியில் உருகும். நாம் உருக்கப்போவது காரீயம். 327.5 டிகிரியில் உருகும், நஞ்சு. பெயர் ஒன்றாக இருப்பதால் சிலர் 'அந்தக் காலத்தில் ஈயத்தில்தானே சமைத்தார்கள்' என்று சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. இனி நான் ஈயம் என்று சொல்வதெல்லாம் காரீயம்.

கிடைக்கும் இடங்கள்: டயர் கடைகளில் கழற்றிப் போடும் சக்கர எடைகள் (சக்கரம் சமநிலையில் சுழலப் பொருத்துபவை), முக்குளிப்பவர்கள் இடுப்பில் கட்டும் எடைக்கட்டிகள், பழைய வலைக்குண்டுகள், கட்டட இடிப்பில் வரும் ஈயத் தகடு, பழைய மின்வடத்தின் மேலுறை. பழைய சாமான் வாங்க வரும் காராங்குனிக்காரரிடம் சொல்லிவைத்தால் எப்போதாவது ஒரு பையோடு வந்து நிற்பார். சுங்கை ரோடு திருட்டுச் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை அங்கே தரையில் விரித்த துணியில் இதெல்லாம் கிடந்தது. இப்போது சுங்கை காடுட் பக்கம் பழைய உலோகக் கடைகளில் விசாரிக்க வேண்டியதுதான்.

சக்கர எடைகளைப் பிரிப்பது தனி வேலை. எல்லாம் ஈயம் என்று நினைத்துச் சட்டியில் கொட்டக்கூடாது. ஐரோப்பாவில் 2005 முதல் பயணிகள் கார்களுக்கு ஈய எடை கூடாது என்றாகிவிட்டதால், இரும்பும் துத்தநாகமும் ஏராளமாகக் கலந்து வருகின்றன. எடையின் மேல் எழுத்து இருந்தால் பாருங்கள்: 'பிபி' என்றால் ஈயம், 'இசட்என்' என்றால் துத்தநாகம், 'எஃப்இ' என்றால் இரும்பு. எழுத்து தேய்ந்திருந்தால் காந்தம் வையுங்கள், இரும்பு ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை வெட்டுக்குறடால் ஓரத்தில் கடியுங்கள். ஈயம் வெல்லக்கட்டி மாதிரி உள்ளே விடும், துத்தநாகம் பல்லைக் காட்டும். இன்னொரு வழி, சிமெண்டுத் தரையில் ஓரடி உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பது. ஈயம் 'தொப்' என்று விழுந்து கிடக்கும். துத்தநாகம் 'டிங்' என்று துள்ளும். 'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்பார்கள். இங்கே இளிப்பது துத்தநாகம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், கொஞ்சம் துத்தநாகம் கரைந்துவிட்டால் போதும், மொத்தச் சட்டியும் கூழ் காய்ச்சின மாதிரி ஆகிவிடும். அச்சில் நிரம்பாது. ஒரு நல்ல விஷயம், துத்தநாகம் உருக 420 டிகிரி வேண்டும். நீங்கள் 400-ஐத் தாண்டாமல் இருந்தால், தப்பிப்போன துண்டு உருகாமல் மேலே மிதக்கும். கரண்டியால் தூக்கிப் போட்டுவிடலாம்.

தொடவே கூடாதவை மூன்று. ஒன்று, பேட்டரி. கார் பேட்டரியில் எக்கச்சக்கமாக ஈயம் இருக்கிறதே என்று யாருக்கும் ஆசை வரும். அதற்குள் இருப்பது கந்தக அமிலமும் ஈய உப்புகளின் தூளும். தட்டுகளில் கலந்திருக்கும் ஆர்செனிக், ஆன்டிமனியிலிருந்து உயிரைப் பறிக்கும் வாயுக்கள் உண்டாகலாம். செனகல் நாட்டில் தியரோய் என்ற ஊரில் பேட்டரி ஈயம் சேர்க்கும் வேலையால் மண்ணெல்லாம் நஞ்சாகி, 2007-2008-ல் சில மாதங்களுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். செத்த பேட்டரியைப் பட்டறையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு, பழைய சாயம் பூசிய ஈயம். சூட்டில் சாயமே புகையாகி மூக்குக்குள் போகும். மூன்று, எங்கிருந்து வந்தது என்று தெரியாத கனமான மூடிய உருளைகள், குறிப்பாகக் கதிர்வீச்சு அடையாளம் உள்ளவை. தாய்லாந்தின் சமுத் பிரகானில் 2000-ல் மருத்துவமனைக் கருவியின் பகுதியொன்றைப் பழைய உலோகம் என்று பிரித்தபோது உள்ளே கோபால்ட்-60 இருந்தது. மூன்று பேர் இறந்தார்கள். அடையாளம் கண்ணில் பட்டால் கை வைக்காமல் விலகி, அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள்.

தண்ணீர் என்ன செய்யும்?

மேடை அமைப்பதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். உருகிய ஈயத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தால், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'சுர்' என்று ஓடி ஆவியாகிவிடும். அதுவே ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கதை வேறு. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். மேலே கனமான உலோகம் மூடியிருக்க, ஆவி வெளியே வர ஒரே வழி ஈயத்தைத் தூக்கி எறிவதுதான்.

இது எனக்கு நடந்தது. பழைய முக்குளிப்பு எடைகள் நாலைந்து வாங்கியிருந்தேன். மேலே மஞ்சள் ரப்பர் உறை போட்டவை. உறையை உரித்து, துணியால் துடைத்து, ஒரு வாரம் வெயிலில் வைத்தேன். காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மாமா கேட்டார்: "மாப்ளே, எல்லாம் காஞ்சிருக்கா?"

"ஒரு வாரம் வெயில்ல கெடந்துச்சு மாமா."

சட்டியில் ஏற்கெனவே பாதி உருகியிருந்தது. இடுக்கியால் ஒரு கட்டியைப் பிடித்து மெதுவாக உள்ளே இறக்கினேன். இரண்டு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது முகமறைப்பின் கண்ணாடியில் வெள்ளி வெள்ளியாக ஏழெட்டுப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. ஒன்று சரியாக வலது கண்ணுக்கு நேரே. மேற்கூரையில் மழைத்துளி மாதிரி ஈயம் தெறித்திருந்தது. எடையின் வார்ப்பில் ஒரு சிறு பொத்தல். அதற்குள் கடல்நீர் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்தக் கண்ணாடியை மாமா தூக்கிப் போடவில்லை. மேடைக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார்.

அன்றிலிருந்து எங்கள் சட்டம் ஒன்றே ஒன்று: உருகிய ஈயத்தில் புதுப்பொருள் போடுவதில்லை. ஆறின சட்டியில் எல்லாவற்றையும் அடுக்கி, அதன்பிறகுதான் அடுப்பைப் போடுவோம். சட்டியோடு சேர்ந்து சூடேறும்போது ஈரம் 100 டிகிரியிலேயே போய்விடும், ஈயம் உருகுவதோ 327-ல். குழாய், மடிந்த தகடு, பொத்தல் உள்ள கட்டி இவற்றை முதலில் வெட்டியோ சுத்தியலால் அடித்துத் திறந்தோ விடுவோம். இன்னும் வேண்டுமா, அது அடுத்த சட்டி.

இடமும் மேடையும்

மேலே கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். கார் நிறுத்துமிடம் அதற்கென்றே கட்டியது போல. கூரையின் ஓரத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் உள்ளே மேடையை வையுங்கள், சாரல் எட்டக்கூடாது. இடைப் பருவமழை மாதங்களான ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை கிட்டத்தட்ட நேரம் வைத்து வரும். சுமத்திராவிலிருந்து வரும் காற்றுமழை விடிகாலையில் பிடிக்கும். நாங்கள் காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடித்துவிடுவோம். வானிலைச் செயலியில் மழை மேகம் இருந்தால் அன்று உருக்குவதில்லை. கூரைக்கடியில் கொடியில் ஈரத்துணி தொங்கினால் முதலில் அதை எடுங்கள். இது அனுபவம்.

காற்று பக்கவாட்டில் போக வேண்டும். ஒரு மின்விசிறியை உங்கள் தோளுக்குப் பக்கத்தில், சட்டிக்குக் குறுக்காக வீசும்படி வையுங்கள். சட்டியை நோக்கி நேராக வைத்தால் தூசி எதிர்ப்பக்கம் பறந்து சுவரில் ஒட்டும். உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தாலும் சிக்கல், உடம்புக்கு முன்னால் காற்று சுழன்று புகையை மூக்குக்கே கொண்டுவரும். வீட்டு ஜன்னல்கள், கதவு, குளிரூட்டியின் வெளிப்பெட்டி எல்லாம் காற்று வரும் பக்கமாக, புகை எட்டாதபடி இருக்கிறதா என்று ஊதுவத்தி கொளுத்திப் பார்த்துவிடலாம்.

மேடை எடை தாங்க வேண்டும், ஆடக்கூடாது. 10 கிலோ ஈயம் என்பது ஒரு லிட்டர் பால் பொட்டலத்தைவிடச் சின்னது. கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், மடக்கு மேசையின் கால் வளைந்த பிறகுதான் தெரியும். நாங்கள் நான்கு சிமெண்டு கற்களை இரண்டு அடுக்காக வைத்து, மேலே பழைய இரும்புத் தகடு போட்டிருக்கிறோம். உயரம் தொடைக்கு மேல் போகக்கூடாது, சிந்தினால் வயிற்றில் விழாமல் கீழே விழட்டும். தகட்டின் மேல் விளிம்பு வைத்த இரும்புத் தட்டு, தட்டில் அடுப்பு. சட்டி கவிழ்ந்தாலும் ஈயம் தட்டுக்குள் நிற்க வேண்டும். வெறும் சிமெண்டுத் தரையில் ஈயம் கொட்டினால், சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் தரையைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கவைக்கும்.

பக்கத்தில் ஒரு வாளி மணல். கடற்கரையில் அள்ளி வந்த மணல் ஆகாது, உப்பு ஈரத்தை இழுக்கும். கட்டடப் பொருள் கடையில் வாங்கி, வாணலியில் வறுத்து, மூடிபோட்ட டின்னில் வையுங்கள். காய்ந்த தூள் தீயணைப்பான் ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர்க் குழாயை மேடைப் பக்கம் இழுத்து வைக்காதீர்கள், அவசரத்தில் கை அதற்குத்தான் போகும்.

அடுப்பும் சட்டியும்

எரிவாயுவா மின்சாரமா என்று கேட்டால் நான் மின்சாரம் என்பேன். எரிவாயு சீக்கிரம் சூடாக்கும், சரி. ஆனால் சட்டிக்கு அடியில் ரப்பர் குழாய் ஓடும், அதன்மேல் ஒரு கரண்டி ஈயம் சிந்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மேலும் எரிவாயுவில் 500 டிகிரியைத் தாண்டுவது தெரியாமலே நடக்கும். அந்தச் சூட்டுக்கு மேல்தான் ஈய ஆவி ஒரு பொருட்டாகிறது. 2,000 வாட் இரும்புத்தட்டு மின்னடுப்பு ஒன்று போதும். நம் 230 வோல்ட், 13 ஆம்பியர் செருகுமுனை அதைத் தாங்கும். நீட்டுக்கம்பி பயன்படுத்தினால் சுருளை முழுவதும் விரித்துவிடுங்கள், சுருண்டிருந்தால் சூடேறும். ஈயம் உருக்கவே செய்த, சூடு கட்டுப்பாட்டுக் குமிழ் வைத்த மின்சட்டிகளும் விற்கின்றன. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் 110 வோல்ட் மாதிரி வந்து சேரும், 220 வோல்ட் என்று பார்த்து வாங்குங்கள்.

கணக்குப் போட்டால் 10 கிலோ ஈயத்தை அறைச் சூட்டிலிருந்து 400 டிகிரிக்குக் கொண்டுபோக ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்கவைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் சக்திதான் ஆகும். ஆனால் சூட்டில் பெரும்பகுதி காற்றில் போய்விடும். எங்களுக்கு ஒரு சட்டிக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. சட்டியைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்து, மேலே மூடி போட்டால் பத்து நிமிடம் மிச்சம்.

சட்டி தடிமனான இரும்பு அல்லது எஃகு, தட்டை அடி. வாணலி வேண்டாம், உருண்டை அடி தட்டடுப்பில் உட்காராது. அலுமினியச் சட்டி கூடவே கூடாது. அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும் என்றாலும் அதற்கு வெகுமுன்பே வலுவிழந்து, கனம் தாங்காமல் அடி விட்டுவிடும். கைப்பிடி பற்றுவைத்து ஒட்டியதா, ஆணியடித்ததா என்று கவலைப்பட வேண்டாம், ஏனென்றால் ஈயம் உள்ள சட்டியைத் தூக்கவே போவதில்லை. கரண்டியால் மொண்டு ஊற்றுவது மட்டும்தான்.

பாளம் வார்க்க எங்களிடம் இருப்பது பழைய இட்லித் தட்டு. அச்சுக்கு அலுமினியம் பரவாயில்லை, ஒரு கரண்டி ஈயம் அதில் நிமிடத்தில் உறைந்துவிடும். துளையில்லாத தட்டாகப் பாருங்கள். ஒட்டாப் பூச்சுள்ள கேக் தட்டை எடுக்காதீர்கள், 260 டிகிரிக்கு மேல் பூச்சு நச்சுப்புகை விடும். வெள்ளீயம் பூசிய தகரத் தட்டிலும் ஊற்றாதீர்கள், பற்றவைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். குழியில் எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கிறது என்று தண்ணீரால் அளந்து 11-ஆல் பெருக்கினால் பாளத்தின் எடை கிராமில் வரும். 40 மில்லிலிட்டர் குழி 440 கிராம் தரும். அளந்த தட்டை அடுப்பில் சுடக் காயவைத்த பிறகே ஈயத்துக்குக் கொண்டுவருகிறோம். ஈயம் தொட்ட எந்தப் பாத்திரமும் மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது. மாமா அவற்றின் அடியில் சிவப்புச் சாயத்தில் 'விஷம்' என்று எழுதி, பூட்டிய பெட்டியில் வைத்திருக்கிறார். அத்தை ஒருமுறை அந்த இட்லித் தட்டைப் பார்த்து, 'நல்ல தட்டாச்சே' என்று உள்ளே எடுத்துப்போகப் பார்த்ததற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது.

சூடு பார்க்கக் கே வகை உணர்கம்பி வைத்த வெப்பமானி வாங்குங்கள். தூரத்திலிருந்து சுடும் துப்பாக்கி வகை, பளபளப்பான உலோகத்தில் சூட்டைக் குறைத்துக் காட்டும்.

உடுப்பு

செருப்பைக் கழற்றுங்கள். நம் ஊரில் எல்லாவற்றையும் செருப்போடும் அரைக்கால் சட்டையோடும் செய்து பழகிவிட்டோம். இதற்குத் தோல் காலணி, அதன் மேல் விழும்படி முழுக்கால் சட்டை. காலணிக்குள் காலை விட்டுச் செருகினால் சிந்தும் ஈயம் நேரே உள்ளே போகும். துணி பருத்தியாக இருக்கட்டும், செயற்கை நூல் உருகித் தோலில் ஒட்டும். கைலி பருத்திதான், ஆனாலும் வேண்டாம். முழங்கை வரை வரும் பற்றவைப்புத் தோல் கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, அதன் மேல் முகமறைப்பு. நெற்றியில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். பத்து மணி வெயிலில், அடுப்புக்கு முன்னால், முகமறைப்புக்குள் வியர்வை எப்படி ஊற்றும் என்று சொல்லவேண்டியதில்லை.

மூச்சுக்குச் சாதாரண முகக்கவசம் போதாது. பாதி முகம் மூடும் ரப்பர் கவசத்தில் ரோஸ் நிற பி100 வடிகட்டிகளைப் பொருத்துங்கள். தாடி இருந்தால் காற்று ஓரத்தில் கசியும்.

குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று அந்த வீட்டிலேயே இருக்கக்கூடாது. குழந்தைகளின் ரத்தத்தில் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளரும் மூளையைத்தான் அது முதலில் தொடும். பெரியவர்களுக்கு எலும்பில் போய்ப் பல வருடம் தங்கும். தொடங்குவதற்கு முன் ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

உருக்கும் நாள்

சட்டியின் அடியில் சிறு துண்டுகள், மேலே பெரியவை. மூடி போட்டு அடுப்பைப் போட்டுவிட்டு, விலகி நில்லுங்கள். கரண்டியையும் சல்லடைக் கரண்டியையும் சட்டியின் விளிம்பில் சாய்த்து வையுங்கள், கூடவே சூடாகட்டும். குளிர்ந்த கரண்டியில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருக்கும். இட்லித் தட்டையும் சட்டி மூடியின் மேல் வைத்துச் சூடாக்குவோம்.

அரை மணி கழித்து மூடியைத் திறந்தால், அடுக்கு மெல்லச் சரிந்து உட்கார்வது தெரியும். ஒரு கட்டி ஓரத்தில் வழுக்கும், அப்புறம் சட்டென்று காணாமல் போகும். சக்கர எடைகளில் இருந்த இரும்புக் கொக்கிகள் ஒவ்வொன்றாக மேலே வரும். ஈயம் அவ்வளவு கனம், இரும்பே அதில் மிதக்கும். 350 டிகிரி வந்ததும் சல்லடைக் கரண்டியால் கொக்கிகளை அள்ளிக் காய்ந்த டின்னில் போடுங்கள். தட்டாதீர்கள், உதறாதீர்கள். தூசி கிளம்புவது அங்கேதான்.

மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியிருக்கும். முதல்முறை செய்பவர்கள் அதை அழுக்கு என்று வழித்துப் போட்டுவிடுவார்கள். அதில் பாதி நல்ல உலோகம்: காற்றுப் பட்டுத் துருவேறிய ஈயமும், கடினம் தரும் வெள்ளீயமும் ஆன்டிமனியும். அதைத் திருப்பிக்கொள்ள ஒரு சுண்டைக்காய் அளவு மெழுகு போடுங்கள், தேன்மெழுகோ வெறும் மெழுகுவத்தியோ. குபுகுபுவென்று புகை வரும். நீளக் கைப்பிடி லைட்டரால் அந்தப் புகையைப் பற்றவைத்தால் எரிந்து குறையும், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்க்க மாட்டார். எரியும்போதே கரண்டியால் அடிவரை கலக்கி, சட்டியின் சுவர்களைச் சுரண்டி விடுங்கள். இரண்டு நிமிடத்தில் ஆடை கறுத்துத் தூளாகும், அடியில் கண்ணாடி மாதிரி முகம் தெரியும். இப்போது மேலே உள்ள கரித்தூளை மட்டும் வழியுங்கள். அழுக்கு அதிகமென்றால் இன்னொருமுறை.

சுத்தமான ஈயமென்றால் அந்தக் கண்ணாடிப் பரப்பில் கொஞ்ச நேரத்தில் பொன்னிறம் ஓடும், பிறகு நீலம், ஊதா. மழைத்தண்ணீரில் எண்ணெய் மிதந்த மாதிரி அழகாக இருக்கும். சூடு கூடிவிட்டது என்று அர்த்தம். அடுப்பைக் குறையுங்கள். 370-க்கும் 400-க்கும் இடையில் வைத்துக்கொண்டால் போதும்.

ஊற்றும்போது கரண்டியை அச்சுக்கு அருகில் கொண்டுபோய், தயங்காமல் ஒரே ஓட்டத்தில் ஊற்றுங்கள். முக்கால் குழி போதும், விளிம்பு வரை நிரப்பினால் இரண்டு பாளங்கள் ஒட்டிப் பிறக்கும். பளபளப்பு மங்கி, நடுவில் சின்னக் குழி விழுந்தால் உறைந்துவிட்டது. அவசரப்படாமல் ஐந்து நிமிடம் விட்டு, தட்டைக் காய்ந்த பலகையில் கவிழ்த்துத் தட்டுங்கள். சீக்கிரம் ஆற வேண்டுமென்று தண்ணீரில் போட வேண்டாம். மேடைக்குப் பத்தடிக்குள் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கக்கூடாது. பாளம் பார்க்க ஆறின மாதிரி இருந்தாலும் அரை மணிக்கு வெறுங்கையால் தொடாதீர்கள்.

கடைசி இரண்டு செண்டிமீட்டர் ஈயத்தைச் சட்டியிலேயே விட்டு ஆற வையுங்கள். அடுத்தமுறை அதன்மேல் அடுக்கினால் சூடு சீக்கிரம் ஏறும்.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். தோலில் ஒட்டிய ஈயத்தைப் பிய்க்காதீர்கள். பெரிய காயம், கண் என்றால் தாமதிக்காமல் ஆம்புலன்சுக்கு 995.

பாளத்தில் ஆணியால் ஓர் எழுத்துக் கீறிவிடுவது எங்கள் வழக்கம். தகடு, மின்வட உறையிலிருந்து வந்த மென்மையான ஈயத்துக்கு 'மெ', சக்கர எடையிலிருந்து வந்த கடினமானதற்கு 'க'. நகத்தால் அழுத்தினால் 'மெ' பாளத்தில் தடம் விழும். தூண்டில் குண்டுக்கு இரண்டும் ஆகும், குறடால் நெரித்துத் தங்கூசியில் பூட்டும் சிறு குண்டுக்கு 'மெ'தான் வேண்டும். சிறு குண்டுகள் பற்றி இன்னொன்று: அன்னங்கள் அவற்றை விழுங்கிச் செத்ததால், பிரிட்டன் 1987-லேயே 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயக்குண்டுகளைத் தடைசெய்துவிட்டது. நான் சிறியவற்றுக்கு இரும்புக்கு மாறிவிட்டேன்.

கசடும் கழுவலும்

உருக்கும்போது வரும் புகையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், முடித்தபின் துடைப்பத்தை எடுத்துக் கூட்டுவார்கள். உண்மையான ஆபத்து அந்தத் தூசியில்தான். வழித்த கரித்தூள் ஈய ஆக்சைடு, மாவு போல் நைசாக இருக்கும். காய்ந்த துடைப்பம், சாதாரண தூசி உறிஞ்சி இரண்டும் அதைக் காற்றில் கிளப்பும். சட்டி முழுக்க ஆறியபிறகு, ஈரக் காகிதத் துண்டால் ஒரே திசையில் துடைத்து, மடித்து, பைக்குள் போடுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் நம் கட்சி.

ஆனால் குழாயைத் திறந்து தரையைக் கழுவிவிடாதீர்கள். வீட்டு வாசல் வடிகால் மழைநீர் போகிற வழி. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நீங்கள் கழுவிவிட்டது சுற்றி வந்து நீர்த்தேக்கத்தில் சேரும்.

கசடையும் துடைத்த காகிதங்களையும் இறுக்கமான மூடியுள்ள டின்னில் போட்டு, என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். குப்பைக் குழாயில் போட்டால் எரிஆலைக்குப் போகும், சாம்பல் செமாக்காவ் தீவுக் குப்பை நிரப்புமிடத்துக்குப் போகும். டின் நிரம்பியதும், உரிமம் பெற்ற நச்சுக் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். எங்கள் டின் ஒன்று நிரம்ப இரண்டு வருடம் ஆனது.

அப்புறம் உடம்பு. சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள் நாம். நகக்கண்ணில் இருக்கும் ஈயம் நேரே குழம்போடு வயிற்றுக்குள் போகும். மேடைப் பக்கம் தண்ணீர்ப் புட்டிகூட வேண்டாம், காப்பி வேண்டாம், சிகரெட்டும் வெற்றிலையும் வேண்டாம். முடித்ததும் காலணியை அங்கேயே, தனிப் பெட்டியில். வாசல் செருப்பு அலமாரியில் வைத்தால் மற்றவர் செருப்பெல்லாம் தொற்றிக்கொள்ளும். உடுப்பை வெளியிலேயே கழற்றிப் பையில் கட்டி, வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, பழைய பல்துலக்கியால் சோப்புப் போட்டு நகக்கண்ணைத் தேயுங்கள். தலைக்குக் குளியுங்கள். அத்தை வீட்டில் குளித்துவிட்டு வந்தால்தான் சாப்பாடு என்று கறார். மூன்று பேருக்கு முன்னால் ஒருநாள் என்னை எழுப்பி, "நகத்தைக் காட்டு" என்று கையை வாங்கிப் பார்த்தார். முப்பத்தெட்டு வயதில்.

சட்டியையும் கரண்டிகளையும் மூடிக் கட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் உருண்டைகள் இரண்டு பை போடுங்கள், முஸ்தபா கடையில் கிடைக்கும். மாதத்துக்கு ஒருமுறை பையைத் தூக்கிப் பார்த்தால், அடியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று தெரியும்.